யார் முறையில் ஆத்தா உள்ளே போவது

ஆவரங்காட்டுப்பட்டியில் எல்லைமுத்தாள் ஒருநாள் விடியற்காலையில் தன் கோயிலுக்குள் நுழைய முடியாமல் வெளியே மாட்டிக்கொண்டாள் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் ‘அதெப்படி’ என்று கேட்பார்கள். உள்ளூர்க்காரர்கள் ‘யாருடைய முறையில்’ என்று கேட்பார்கள். அந்த ஊரின் லட்சணம் அப்படி. ஆத்தா ராத்திரியில் எல்லையைச் சுற்றிக் காவல் பார்த்துவிட்டுக் கோழி கூவுவதற்குள் பீடத்தில் வந்து உட்காருவாள் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் கிடையாது. சந்தேகமும் சண்டையும் எல்லாம் அவள் கதவை யார் திறப்பது என்பதில்தான்.

மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் அந்தச் சண்டை, முளைப்பாரிக் கூடையை யார் முதலில் இறக்கி வைப்பது என்று தொடங்கியதாகச் சொல்வார்கள். காரணம் மறந்துபோய்விட்டது, சண்டையை மட்டும் விதைநெல்லைப் போலப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். மேலத்தெரு ஒரு பூட்டுப் போட்டால் கீழத்தெரு அந்தப் பூட்டின் மேல் ஒரு பூட்டுப் போட்டது. அதன்மேல் இவர்கள், அதன்மேல் அவர்கள் என்று போட்டுப் போட்டுக் கோயில் கதவில் பூட்டுகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. ஆத்தாவுக்கு ஒரு சூடம் கொளுத்த வேண்டுமென்றால் இரண்டு தெருவிலும் பாதிப் பேர் சாவியோடு வந்து நிற்க வேண்டும், வந்து நின்றால் வாய்ச்சண்டை, வாய்ச்சண்டை முற்றினால் அடிதடி, அடிதடி என்றால் போலீஸ், போலீஸ் என்றால் தாலுகா ஆபீஸில் அமைதிப் பேச்சுவார்த்தை. இப்படியே போய்க்கொண்டிருந்ததைப் பார்த்துப் புதிதாக வந்த தாசில்தார் ஒருவர், பாவம், ஒற்றைத் தலைவலிக்காரர், ஒரு கம்பெனி ஆளை வரவழைத்து எல்லாப் பூட்டையும் அறுத்துப் போட்டுவிட்டு ஒரே ஒரு பூட்டும் இரண்டு கரண்ட்டு சாவியும் வாங்கி வைத்தார்.

கட்டைவிரல் தண்டிக்கு இருந்த அந்தச் சாவிகளுக்குப் பல்லும் இல்லை, வளைவும் இல்லை. நெற்றியில் பச்சை விளக்கு ஒன்று மட்டும் இருந்தது. டை கட்டிய கம்பெனிக்காரர் அரசமரத்தடியில் நின்று விளக்கம் சொன்னார். மேலத்தெருச் சாவி காலையில் மட்டும் திறக்கும், கீழத்தெருச் சாவி மதியத்துக்கு மேல் மட்டும் திறக்கும், நடுவில் உச்சிப்பொழுதில், ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிக்க வேண்டாம் என்பதற்காக, இரண்டுமே செத்துக் கிடக்கும். ஒரு முறைக்கு ஒரு தடவைதான் திறப்பு. முறை வந்ததும் சாவி கீச்சுக்கீச்சென்று கூப்பிடும். கூப்பிட்ட சற்று நேரத்துக்குள் போய்த் திறக்காவிட்டால் அந்த முறை எதிர்த்தெருவின் கணக்கில் ஏறிவிடும்.

“நோண்டிப் பாத்தா என்னாகும்?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

“நோண்டினா, தான் ஒரு சாவிங்கறதையே அது மறந்துரும்” என்றார் கம்பெனிக்காரர்.

இரண்டு தெருவும் அன்றைக்கே நோண்டின. மேலத்தெருக்காரர்கள், நேரம் மெதுவாக நகரட்டும் என்று சாவியைப் பெட்டிக்கடை ஐஸ்பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார்கள். கீழத்தெருக்காரர்கள் செல்போன் ரிப்பேர் பார்ப்பவரிடம் கொடுத்துத் திருப்புளியால் நெம்பச் சொன்னார்கள். சாவி பூனைக்குட்டி மாதிரி ஒருதரம் முனகிவிட்டு உயிரை விட்டது. மாற்றுச் சாவி வருவதற்குள் மேலத்தெரு ஓர் ஆடி வெள்ளியை முழுசாகத் தனியே அனுபவித்துவிட்டது. அதற்குப் பிறகு யாரும் நோண்டவில்லை. பச்சைப்பிள்ளைக்கு நடக்காத கவனிப்பு இரண்டு சாவிக்கும் நடந்தது.

இந்தக் கூத்தில் நடுவே அகப்பட்டுக்கொண்டவள் பஞ்சவர்ணம். கீழத்தெருவில் பிறந்து மேலத்தெருவில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு தெருவும் சண்டைக்கு நடுவே கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் நடந்த கல்யாணம் அது. மேலத்தெருச் சாவி அவள் புருஷன் தவசியின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. கீழத்தெருச் சாவி அவள் அண்ணன் சேதுராசுவின் சட்டைப் பையில் கிடந்தது. மச்சானும் மாப்பிள்ளையும் பேசி வருஷக்கணக்காகிவிட்டது. அண்ணன் வீட்டு அடுப்புப் புகை அவள் வீட்டுக் கொல்லையில் நின்றால் தெரியும். இன்றைக்கு என்ன குழம்பு என்றுகூட வாசனையில் சொல்லிவிடுவாள். ஆனால் போக முடியாது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். மகள் கனிஷ்காவின் காதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு இன்னும் காது குத்தவில்லை. அந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு எல்லைமுத்தாளின் முகத்துக்கு நேரே, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். வேறெங்கே குத்தினாலும் நிற்காது. நிற்காது என்றால் நிற்காதுதான். அவசரக்காரர் ஒருவர் தன் மகளுக்கு டவுன் நகைக்கடையில் வைத்துக் குத்திக் கூட்டிவந்தபோது, பஸ் ஊர் விலக்கில் திரும்புவதற்குள் ஓட்டை தூர்ந்துபோய்க் கம்மல் இரண்டும் பிள்ளையின் மடியில் விழுந்து கிடந்தன. கோயிலுக்குக் காலையில் போனால் மாமன் வரமாட்டான், சாயங்காலம் போனால் அப்பன் விடமாட்டான். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் கனிஷ்காவின் காதைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்கள். எப்போதோ வாங்கி வைத்த கம்மலைப் பஞ்சவர்ணம் தீபாவளிக்குத் தீபாவளி எடுத்துப் பார்ப்பாள், அழுவாள், மூடி வைப்பாள்.

அன்றைக்கு அவள் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தபோது படியில் ஒரு பொம்பிளை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நல்ல உயரம், நல்ல கறுப்பு, மடியில் அரிவாள். கட்டியிருந்த சேலையைப் பார்த்ததும் பஞ்சவர்ணத்துக்கு ஆள் தெரிந்துவிட்டது. போன ஆடியில் அவளே எடுத்துச் சாத்திய மாம்பழக் கலர் சுங்குடி அது.

“என்னத்தா, இங்கன உக்காந்துருக்க?”

“கதவு தொறக்கல புள்ள” என்றாள் எல்லைமுத்தாள். “முன்னெல்லாம் நான் கை வச்சா எந்தப் பூட்டும் தானா விலகிக்கிரும். இந்தக் கருமத்துக்கு என்னையத் தெரியல, யாருன்னு கேக்குது. சரி போகுதுன்னு பின்னாடி இருக்க சன்னல் வழியாத்தான் இத்தன நாளாப் போயிட்டு வந்துக்கிட்டு இருந்தேன். ராத்திரி நான் கெளம்புனப்புறம் எந்த மூதேவியோ அதுக்குக் கம்பி அடிச்சுட்டான்.”

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த தவசி தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். கீழத்தெருக்காரர்கள் சன்னல் வழியாக ஏறிவிடுவார்களோ என்று முந்தின ராத்திரி கம்பி அடித்தது அவன்தான்.

“உள்ள வாத்தா. காப்பித்தண்ணி போடுறேன்” என்றாள் பஞ்சவர்ணம்.

“சீனி போடாத. கருப்பட்டி கெடந்தாப் போடு.”

ஆத்தா காப்பியைக் குடித்து முடித்ததும் தவசி சாவியை அவிழ்த்துக்கொண்டு முன்னால் வந்தான். அவன் முறை தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. இவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் தன் வீட்டுப் படியேறி வந்திருப்பதில் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆத்தாவைத் தானே கையோடு கூட்டிப்போய் உள்ளே விட்டான் என்றால் மேலத்தெருவுக்கு ஏழு தலைமுறைக்குப் பேச்சு. ஆனால் கோயில் வாசலுக்குப் போவதற்குள் கீழத்தெரு முழுவதும் வந்து மறித்துக்கொண்டு நின்றது.

“ஆத்தாவ நாங்க ஒண்ணும் மறிக்கல” என்றான் சேதுராசு, மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்து. “மேலத்தெரு முறையில உள்ள போனா, ஆத்தாவ உள்ள கொண்டாந்து வச்சது மேலத்தெருன்னு ஆயிரும். அதத்தான் மறிக்கிறோம். சாயங்காலம் எங்க முறையில வரட்டும்.”

சாயங்காலம் மேலத்தெரு வந்து மறித்தது. ஆத்தா இரண்டு தடவையும் வெயிலில் நின்று இரண்டு பக்கத்து நியாயத்தையும் கேட்டுவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, பஞ்சவர்ணத்தின் வீட்டுக்கே திரும்பி நடந்தாள். “எம் வீட்டுக்குப் போக எனக்கு இவனுக முறையா” என்று முனகியது பக்கத்தில் நடந்த பஞ்சவர்ணத்துக்கு மட்டும் கேட்டது.

மறுபடியும் பேச்சுவார்த்தை. தாசில்தார் நெற்றியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே இரண்டு தரப்பையும் கேட்டார். பஞ்சவர்ணம் பிறந்தது கீழத்தெரு, வாழ்வது மேலத்தெரு. ஆகவே ஆத்தா அவள் வீட்டில் இருந்தால் யாருடைய இடத்திலும் இல்லாததற்குச் சமம். மறு உத்தரவு வரும்வரை தற்போதைய நிலையே தொடரும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மருத்துவ விடுப்பில் போய்விட்டார். ஆத்தா பின்னொரு நாளில் கோயிலுக்குத் திரும்பிப் போனாள்தான். அது எப்படி என்று சொல்லப் புகுந்தால் இன்னொரு தாசில்தாரின் உடம்பும் கெட்டுப்போகும்.

ஆக எல்லைமுத்தாள் அங்கேயே தங்கிவிட்டாள். நல்லது கெட்டது எல்லாம் அந்த வீட்டுக்கு வந்தது. மாடு தொலைத்தவர்கள், மாமியாரைத் தொலைக்க நினைப்பவர்கள், பரீட்சை எழுதப் போகிறவர்கள் என்று காலையில் மேலத்தெரு முன்வாசல் வழியாக வந்தது, சாயங்காலம் கீழத்தெரு கொல்லை வழியாக வந்து வேலிக்கு அந்தப் பக்கமே நின்று குறையைச் சொன்னது. ஆத்தா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே பதில் சொன்னாள். ஃபேன் காற்று அவளுக்கு ஆகவில்லை. டிவி ஆயிற்று. சாயங்காலத் தொடரில் மருமகளைக் கொடுமைப்படுத்திய மாமியாரைப் பார்த்து ஒருநாள் அவள் பல்லைக் கடிக்க, மறுவாரமே அந்த நடிகைக்கு அம்மை போட்டுக் கதையையே மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு தொடர் ஓடும் நேரத்தில் பஞ்சவர்ணம் ஆத்தாவின் கையில் முருங்கைக்கீரையைக் கொடுத்து உருவச் சொல்லிவிடுவாள்.

எல்லாவற்றிலும் பெரிய வேடிக்கை கோயிலில் நடந்தது. பீடம் வெறுமையாகக் கிடந்தது, ஆத்தா கல்லாக இருந்த இடத்தில் வட்டமாக ஈரம் மட்டும் இருந்தது. ஆனாலும் காலையில் சாவி கூப்பிட்டால் தவசி குளித்த தலையோடு ஓடினான், மதியத்துக்கு மேல் சாவி கூப்பிட்டால் சேதுராசு சாப்பிடுகிற சோற்றில் கையை உதறிவிட்டு ஓடினான். போகாவிட்டால் முறை எதிரிக்குப் போய்விடுமே. ஆளில்லாத பீடத்துக்கு மணியடித்து, ஆளில்லாத பீடத்துக்குப் பொங்கல் படைத்து, ஆளில்லாத பீடத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டு எழுந்து, எதிர்த்தெருவைவிடத் தங்கள் பூசைதான் விசேஷம் என்று பேசிக்கொண்டார்கள். பொங்கல் வாசனை வரும்போது எல்லைமுத்தாள் பஞ்சவர்ணத்தின் அடுப்படியில் பழைய சோற்றைப் பிழிந்துகொண்டிருப்பாள்.

“ஆத்தா, போயி ஒரு வார்த்த கேக்கலாம்ல?” என்றாள் பஞ்சவர்ணம்.

“அவனுக கும்புடுறது சாவிய. நான் எதுக்கு நடுவுல” என்றாள் ஆத்தா.

அப்போதுதான் பஞ்சவர்ணம், இத்தனை நாள் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டாள். தனக்கென்று எதுவும் வேண்டாம், இந்தப் பிள்ளையின் காதை மட்டும் குத்திவிட வேண்டும், உன் முகத்துக்கு நேரே குத்த வேண்டும் என்பதுதானே வழக்கம், உன் முகம் இங்கேதானே இருக்கிறது என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். ஆத்தா கனிஷ்காவைக் கூப்பிட்டு இரண்டு காதையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நாளைக்கழிச்சு உச்சிப்பொழுதுல வச்சுக்குவோம். ரெண்டு சனியனும் செத்துக் கெடக்க நேரம். போயி உன் அண்ணனக் கூப்புட்டு வா.”

பஞ்சவர்ணம் அன்றைக்குத்தான் வருஷங்களுக்குப் பிறகு பிறந்த வீட்டு வாசலில் போய் நின்றாள். சேதுராசு கயிற்றுக்கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. தங்கச்சியைப் பார்த்ததும் அவன் கண் கலங்கியது உண்மை. ஆனால் பக்கத்தில் கீழத்தெரு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“எம் முறை நேரத்துல கோயிலுக்குக் கூட்டிட்டு வா, குத்துறேன். அந்த வீட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்.”

“அண்ணே, ஆத்தா அங்கனதான இருக்கு?”

“இருக்கட்டும்த்தா.”

திரும்பி வந்து சொன்னபோது எல்லைமுத்தாளுக்குக் கோபம் வரவில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, “வரலைன்னா விடு. மாமனுக்கு நான் உக்காருறேன்” என்றாள். “எம் மடி என்ன சின்ன மடியா? அவன் எம் பிள்ளதான. பிள்ள வராத எடத்துல ஆத்தா உக்காரக்கூடாதுன்னு எங்கயாச்சும் இருக்கா?”

அப்படி எங்கேயும் இல்லை. தவசிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெண்ணின் காது அவனுக்கும் ஏக்கம்தான், ஆனால் மச்சானை விட்டுவிட்டு நடத்துவது அதைவிட இனித்தது. ஓடிப்போய் டவுனில் ஒரு பிளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்து, இரண்டு தெருவும் பார்க்கும்படியாகப் பஸ் ஸ்டாப்பில் கட்டினான். கனிஷ்காவின் படம் நடுவில், தவசியின் படம் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக, கீழே கொட்டை எழுத்தில்: ‘காதணி விழா. தாய்மாமன்: அருள்மிகு எல்லைமுத்தாள்.’

சேதுராசு அந்தப் பிளெக்ஸின் முன்னால் வந்து நின்றான். ஆத்தா மாப்பிள்ளை வீட்டில் தங்கியதை அவன் தாங்கிக்கொண்டான், ஊரெல்லாம் அந்த வாசலில் போய் நின்றதைத் தாங்கிக்கொண்டான். ‘தாய்மாமன்’ என்று எழுதி அதற்குப் பக்கத்தில் வேறொரு பேர் இருந்ததை அவனால் தாங்க முடியவில்லை. தங்கச்சி வயிற்றில் பிள்ளை என்று தெரிந்த அன்றைக்கே அவன் மனசில் எழுதி வைத்த இடம் அது. பஸ் ஒன்று வந்து, நின்று, போய்விட்டது. அவன் நின்றுகொண்டே இருந்தான்.

குறித்த நாள் உச்சிப்பொழுதில் எல்லைமுத்தாள் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியைத் தட்டிவிட்டுக்கொண்டு, கனிஷ்காவை ‘வா’ என்று கூப்பிட்ட நேரத்தில் தெருமுனையில் மேளச்சத்தம் கேட்டது. முன்னால் மாலை போட்ட ஆட்டுக்கடா, பின்னால் சீர்த்தட்டுகள், அதற்குப் பின்னால் வெள்ளை வேட்டியில் சேதுராசு, அவனுக்குப் பின்னால் “அண்ணே, தெரு மானம் போயிரும்ணே” என்று இழுத்துக்கொண்டே வரும் கீழத்தெரு.

“போகட்டும்டா” என்றான் சேதுராசு. “எம் மருமக இன்னொருத்தர் மடியிலயா உக்காருறது? ஆத்தாவாவே இருக்கட்டும்டா, இன்னொருத்தர் மடிதான.”

படிவரைக்கும் வந்தவன் நின்றுவிட்டான். படியின் மேல் தவசி நின்றான். மேளக்காரர்கள் அடிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் மெதுவாக அடித்தார்கள். பஞ்சவர்ணம் உள்ளே நின்று இரண்டு பேரையும் பார்த்தாள். தவசி வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். ‘வாங்க’ என்கிற வார்த்தை பழக்கம் விட்டுப்போய் எங்கோ சிக்கிக்கொண்டது.

“செருப்ப நெழல்ல விடுங்க மச்சான்” என்றான் கடைசியில். “வெயில்ல கெடந்தா திரும்பிப் போடுறப்ப சுடும்.”

சேதுராசு செருப்பை நிழலில் விட்டுவிட்டு உள்ளே வந்தான்.

வந்தவுடனே காரியம் நடந்துவிடுமா என்ன. மடியைப் பறிகொடுத்த எல்லைமுத்தாள் சுலபத்தில் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. தட்டு ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தாள். வாழைப்பழம் சின்னது என்றாள். உட்கார்ந்த ஆளை எழுப்பினால் அதற்கொரு சேலை உண்டா இல்லையா என்று கேட்டாள். கீழத்தெருப் பெண்கள் வேலியைத் தாண்டி அடுப்படிக்குள் வந்து, பஞ்சவர்ணத்தின் தாடையைப் பிடித்து இப்படி இளைத்துவிட்டாயே என்று அழுதார்கள். காதுகுத்த வந்த ஆசாரி வெற்றிலை கேட்டார், பிறகு வெளிச்சம் கேட்டார். எல்லாம் அடங்கிச் சேதுராசு பாயில் உட்கார்ந்து, கனிஷ்கா அவன் மடியில் உட்கார்ந்து, தவசி பெண்ணின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு, ஆத்தா முகத்துக்கு நேரே நின்று தலையசைத்தபோது உச்சிப்பொழுது நன்றாகச் சாய்ந்திருந்தது. ஆசாரி ஒரு காதைக் குத்தினார். கனிஷ்கா போட்ட சத்தத்தில் ஆட்டுக்கடா கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடியது.

அப்போது சேதுராசுவின் சட்டைப் பையில் சாவி கூப்பிட்டது.

பழக்கம் பொல்லாதது. அவன் கை தன்னால் பைக்குப் போனது, முதுகு தன்னால் நிமிர்ந்தது. “அண்ணே, நம்ம முறை. ஓடிப்போய்த் தொறந்துட்டு வந்துருங்க. அங்கிட்டுப் போயிரும்” என்று வாசலிலிருந்து கீழத்தெரு கத்தியது. மேலத்தெரு வாயில் ஈ போவது தெரியாமல் காத்துக்கொண்டு நின்றது. போன மனுஷன் திரும்பி வரமாட்டான் என்று பஞ்சவர்ணத்துக்குத் தெரியும். கோயில் வாசலில் நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள், நாலு வார்த்தை பேசுவார்கள், அந்த வாசப்படி மறுபடியும் மிதிக்கக்கூடாததாகிவிடும். அண்ணே என்று கூப்பிடப் பார்த்தாள். சாவி இன்னும் வேகமாகக் கீச்சிட்டது. சேதுராசு பிள்ளையை இறக்கிவிடுவதற்காக அவள் இடுப்பில் கை கொடுத்தான்.

அழுதுகொண்டிருந்த கனிஷ்கா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக் காட்டினாள்.

“மாமா, இன்னொரு காது இருக்கு.”

சேதுராசு அந்தக் காதைப் பார்த்தான். பைக்குள் சாவி கத்திக் கத்தி, தொண்டை கட்டினதைப் போலத் தேய்ந்து, ஓய்ந்தது. அடுத்த கணம் தவசியின் இடுப்பில் மற்றச் சாவி கூப்பிடத் தொடங்கியது. மேலத்தெரு ஹோவென்று கத்தியது. தவசி அசையவில்லை. பெண்ணின் கால் இரண்டையும் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“குத்துங்க ஆசாரி” என்றான் சேதுராசு.